வலியறியாத கையும் யந்திரத் தோலும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரத் தோல் என்பதாகும். அதாவது, மனிதனுடைய தோலைப்போல் வளையவும் நீளவும் கூடிய மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகட்டில், தொடுவதையும் அழுத்துவதையும் சூட்டையும் அறியும் உணர்கருவிகளைப் பதித்து, அதை ஒரு யந்திரத்தின் கைக்கோ, கையிழந்த மனிதனின் செயற்கைக் கைக்கோ போர்த்துவதாகும். இந்தத் தலைப்பைக் கேட்டவுடனே சில தோழர்கள், "நமக்கு வேண்டிய சங்கதிகள் எவ்வளவோ இருக்க, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் செய்கின்ற ரப்பர் தோலைப் பற்றி இங்கு பேசுவானேன்?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. எந்த விஷயத்தையும் இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டுத்தான் ஏற்கவேண்டும். ஆனால் இது எங்கேயோ இருக்கின்ற பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான் அல்ல. வலியை யந்திரத்தால் உண்டாக்கிக் கொடுக்கவேண்டும் என்று ஒரு வைத்தியர் முனைந்து பாடுபட்டதற்குக் காரணம், நம்முடைய வேலூரிலும் செங்கல்பட்டிலும் அவர் கண்ட கைகளேயாகும். அந்தச் சங்கதியைச் சொல்லிவிடுகின்றோம். பிரயோஜனம் உண்டா இல்லையா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

தொடு உணர்ச்சி என்பது என்ன?

முதலில் உங்களை ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுகின்றோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வைத்திருக்கும் கவராயம் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனைகளும் மழுங்கலாயிருக்கும்படி செய்துகொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முனைகளாலும் ஒரே சமயத்தில் விரல் நுனியில் தொடும்படி பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். முனைகளுக்கு நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே, தொடுவது ஒன்றல்ல இரண்டு என்று சொல்லிவிடுவீர்கள். அதே கவராயத்தை முதுகில் வைத்தால், 40 மில்லிமீட்டர் அளவுக்கு விரித்தால்தான் இரண்டு என்று தெரியும். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்திலிருந்த வெபர் என்பவர் 1834-ல் இதை அளந்து எழுதினார்.

ஏன் இந்த வித்தியாசம்? விரல் நுனியில் உணர்வு நரம்புகளின் முனைகள் நெருக்கமாயிருக்கின்றன, முதுகில் அவை தூரந் தூரமாயிருக்கின்றன என்பதுதான் காரணம். ஒரு உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் மாத்திரம் சுமார் 17,000 முனைகள் தொடுதலை அறிவதற்கென்றே இருக்கின்றன. அவைகளும் ஒரே ஜாதியல்ல, நான்கு விதம். அழுத்தம் தொடர்ந்து இருக்கின்றதா என்பதைச் சொல்வது ஒன்று. பிடித்த சாமான் வழுக்குகின்றதா என்பதைச் சொல்வது ஒன்று. அதிர்ச்சியைச் சொல்வது ஒன்று. தோல் இழுபடுவதைச் சொல்வது ஒன்று. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக் குடிக்கின்றீர்கள். டம்ளர் நசுங்குவதுமில்லை, நழுவுவதுமில்லை. எவ்வளவு அழுத்தவேண்டுமென்று நீங்கள் கணக்குப் போட்டீர்களா? இல்லை. அந்த நான்கு வித முனைகளும் கணத்திற்குக் கணம் சேதி அனுப்ப, கை தானாகவே பிடியைச் சரிப்படுத்திக்கொள்ளுகின்றது.

இந்த முனைகளுக்குள் நடப்பது என்ன என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜீவ அணுவின் சுவரில், அழுத்தினால் திறந்துகொள்ளும் கதவு போன்ற ஒரு புரதம் இருக்கின்றது. கதவு திறந்தால் உப்பின் மின் அணுக்கள் உள்ளே பாய்கின்றன, நரம்பில் மின்சாரத் துடிப்பு ஓடுகின்றது. இதைக் கண்ட பட்டபூட்டியன் என்பவருக்கும், மிளகாயின் காரத்தைக் கொண்டே சூட்டை அறியும் கதவைக் கண்டுபிடித்த ஜூலியஸ் என்பவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சமையல் செய்து மிளகாய் அரிந்த கை ஏன் நெருப்பில் பட்டதுபோல் எரிகின்றது என்பதற்கு இதுதான் விடை. காரமும் சூடும் ஒரே கதவைத் திறக்கின்றன. ஆகவே தொடு உணர்ச்சி என்பது அளக்கவும் ஆராயவும் கூடிய ஒரு யந்திர ஏற்பாடே தவிர, அறிவுக்கு எட்டாத இரகசியம் அல்ல என்பது விளங்கும்.

அந்த ஏற்பாடு கெட்டால்?

நிற்க, இந்த நரம்புகள் செத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தொழுநோய் என்றும், பெருநோய் என்றும், குஷ்டம் என்றும் நாம் சொல்லுகின்ற வியாதியில் நடப்பது அதுவேதான். இதைப்பற்றி நம் ஜனங்கள் என்ன எண்ணியிருந்தார்கள்? பூர்வஜென்ம பாவம் என்றார்கள். சாபம் என்றார்கள். புராணத்தில் கிருஷ்ணனுடைய பிள்ளை சாம்பனுக்கே சாபத்தால் இந்த வியாதி வந்ததாக எழுதி வைத்தார்கள். பாவத்தின் தண்டனை என்று ஏற்பட்டுவிட்டால் பிறகு வைத்தியம் எதற்கு? இரக்கம்தான் எதற்கு? அப்படிப்பட்டவனை வீட்டைவிட்டுத் துரத்துவதே தர்மமாகிவிட்டது.

ஆனால் 1873-ல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் என்பவர், இந்த வியாதிக்குக் காரணமான கிருமியை நோயாளியின் சதையில் கண்டார். பாவம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் கிருமி பேதம் பார்ப்பதில்லை. காரணம் தெரிந்த பிறகும் ஒரு சந்தேகம் நின்றது. விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன? கிருமி சதையைத் தின்னுகின்றது, ஆகவே அழுகி விழுகின்றது என்றே வைத்தியர்களில் பலரும் நம்பினார்கள்.

பால் பிராண்டு என்ற வைத்தியர் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பாதிரிமாரின் பிள்ளை. சீமையில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதிக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடி" என்றார். பலமற்ற கை என்று எண்ணிக் கொடுத்தவர், பிடித்த பிடியில் வலி தாங்காமல் திகைத்தார். சதையில் பலம் இருக்கின்றது. அப்படியானால் அழுகல் எங்கே? இந்தக் கேள்விதான் ஆரம்பம்.

பிறகு ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் எவ்வளவோ முயன்றும் சாவி திரும்பவில்லை. அங்கிருந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. பார்த்தால் சாவி சிறுவனின் விரலை எலும்புவரை அறுத்திருக்கின்றது. அவனுக்கோ அது தெரியவே தெரியாது. நம்மால் ஏன் அந்தச் சாவியைத் திருக முடியவில்லை? பலமில்லாமல் அல்ல, வலி நம்மை நிறுத்திவிட்டது. அவனை நிறுத்துவதற்கு யாரும் இல்லை.

இன்னொரு சங்கதி. இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் காணோம் என்று சில நோயாளிகள் வந்தார்கள். இராத்திரி விழித்திருந்து காவல் பார்த்ததில், எலி வந்து கடித்துத் தின்பது தெரிந்தது. தின்னும்போது தூங்குகின்றவனுக்குத் தெரியவில்லை. இதற்குப் பரிகாரம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்தார்கள்! தோழர்களே, இத்தனை காலமாகப் 'பாவத்தின் தண்டனை' என்று சொன்னதில் ஒரு பகுதி எலியின் வேலையாயிருந்தது. பாவத்திற்குச் செய்த பரிகாரங்கள் ஒரு விரலையும் காப்பாற்றவில்லை, பூனை காப்பாற்றியது.

ஆகவே பிராண்டு கண்ட முடிவு என்னவென்றால், விரலைத் தின்பது கிருமியல்ல, வலி இல்லாமையே என்பதாகும். கிருமி நரம்பைக் கொல்லுகின்றது. பிறகு சூடான பாத்திரமும், மண்வெட்டிப் பிடியும், செருப்பிலுள்ள ஆணியும் மற்ற வேலையைச் செய்துவிடுகின்றன.

வலியைச் செய்து பார்த்தது

1966-ல் பிராண்டு அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்துக் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலி இல்லாமைதான் வியாதியென்றால், வலியைச் செய்து கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். மின்சார யந்திர நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டு, அழுத்தத்தை அறியும் உணர்கருவிகளைக் கையுறையிலும் காலணியிலும் பதித்துப் பார்த்தார். அபாயமான அளவு அழுத்தினால் காதில் ஓசை கேட்கும்படி செய்தார்கள். நோயாளிகள் அந்த ஓசையைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, உணர்ச்சி கெடாத அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்படி செய்தார்கள். அது உண்மையிலேயே வலித்தது. ஆனால் என்ன நடந்தது? இறுகிய ஆணி ஒன்றைத் திருகவேண்டியிருந்தால், நோயாளி யந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆணியைத் திருகிவிட்டு, மறுபடியும் யந்திரத்தை மாட்டிக்கொண்டார்! அத்துடன் உணர்கருவிகளும் விலை மிகுந்தவை, சீக்கிரம் கெட்டுப்போகின்றவை. கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். தோற்றதை மறைக்காமல் அவரே பிற்காலத்தில் புஸ்தகத்தில் எழுதியிருக்கின்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

இன்றைய யந்திரத் தோல்

அன்று கெட்டுப்போன உணர்கருவிகளுக்குப் பதிலாக இன்று என்ன வந்திருக்கின்றது என்று பார்ப்போம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முக்கியமாக நாலு வழிகள்தான்.

முதலாவது, கரித்தூள் கலந்த ரப்பர். சும்மா இருக்கும்போது கரித்துகள்கள் விலகி நிற்கின்றன, மின்சாரம் ஓடுவது கஷ்டம். அழுத்தினால் ஒன்றையொன்று தொடுகின்றன, மின்சாரம் சுலபமாக ஓடுகின்றது. எவ்வளவு ஓடுகின்றது என்று அளந்தால் எவ்வளவு அழுத்தம் என்று தெரிகின்றது. இரண்டாவது, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் மெத்தென்ற ரப்பர் வைப்பது. அழுத்தினால் தகடுகள் நெருங்கி, அவை சேமிக்கும் மின்சாரம் கூடுகின்றது. மூன்றாவது, அழுத்தினால் தானே மின்சாரம் கொடுக்கும் பொருள். 1880-ல் பிரான்ஸில் கியூரி சகோதரர்கள் இதைப் படிகக் கற்களில் கண்டார்கள். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் பொறி பறக்கின்றதே, அதில் இருப்பது இந்த வித்தைதான். 1969-ல் ஜப்பானில் கவாய் என்பவர் ஒருவித பிளாஸ்டிக்கிலும் இந்தக் குணத்தைக் கண்டதால் கல் வேண்டாம், வளையும் ஏடு போதும் என்றாயிற்று. நான்காவது, தலையில் வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பது போன்ற உராய்வு மின்சாரம். இதைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் கருவியை அமெரிக்காவிலிருந்த வாங் என்ற சீனர் 2012-ல் வெளியிட்டார்.

இவைகளை மெல்லியதாகவும் நீளக்கூடியதாகவும் செய்வதில்தான் சாமர்த்தியம். டோக்கியோவிலுள்ள ஸொமேயா என்பவர் 2004-லேயே பிளாஸ்டிக் ஏட்டின்மேல் டிரான்சிஸ்டர்களைப் பரப்பி, யந்திரத் தோல் செய்து காட்டினார். 2013-ல் அவர் கூட்டத்தார் செய்த ஏட்டின் கனம் 2 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிளந்ததில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் ஏட்டின் எடை 3 கிராம்தான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிலுள்ள ஜெனான் பாவ் என்ற அம்மையார், நடுவிலுள்ள ரப்பரைச் சமமாக வார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்பதுபோல் வார்த்தார். கோபுர நுனி சுலபமாக அமுங்கும், விட்டவுடன் நிமிரும். 2010-ல் வெளியான அந்தத் தோல், தன்மேல் உட்கார்ந்த 20 மில்லிகிராம் ஈயின் பாரத்தை அறிந்தது.

விலையும் இறங்கிவருகின்றது. 2019-ல் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தார் 548 உணர்கருவிகள் கொண்ட ஒரு கையுறை செய்தார்கள். அதன் சாமான்களின் விலை சுமார் 10 டாலர்தான். கார்வில்லில் விலையால் தோற்ற காரியம் இன்று விலையால் தோற்கவேண்டியதில்லை.

கையிழந்தவர்களுக்கு வந்த பலன்

இந்த உணர்கருவியின் சேதியை மனிதனுடைய நரம்புக்கே அனுப்பியும் பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் வாணவெடி விபத்தில் கையிழந்த ஒருவருக்கு, எஞ்சிய கை நரம்பில் மயிரிழை போன்ற மின்வாய்களைப் பதித்துச் செயற்கைக் கையோடு இணைத்தார்கள். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டே, தாம் பிடித்தது மெத்தென்றதா கெட்டியா, உருண்டையா சதுரமா என்று சொன்னார். இது 2014-ல் வெளியாயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில், கையிழந்த ஒருவர் செயற்கைக் கையால் செர்ரிப் பழத்தை நசுக்காமல் பிடித்துக் காம்பைக் கிள்ளினார். உணர்ச்சியை நிறுத்திவிட்டால் பழம் நசுங்கிச் சாறாயிற்று. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் நிதீஷ் தாக்கோர் என்பவரின் கூட்டத்தார், கூர்மையான சாமானைத் தொட்டால் வலியென்று அறிந்து தானே விட்டுவிடும் செயற்கைக் கையைச் செய்தார்கள்.

யந்திரங்களுக்கும் இதனால் மாறுதல் வருகின்றது. 1961-ல் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலையில் முதல் யந்திரக் கை வேலைக்கு வைக்கப்பட்டது முதல், இப்படிப்பட்ட யந்திரங்களை வேலிக்குள் அடைத்தே வைத்தார்கள். ஏனெனில் இரும்பைத் தொடுவதற்கும் தொழிலாளியின் தலையைத் தொடுவதற்கும் அவைகளுக்கு வித்தியாசம் தெரியாது. 2019-ல் மியூனிக் நகரத்தில் 13,000-க்கு மேற்பட்ட உணர்கருவிகளைத் தலைமுதல் பாதம்வரை போர்த்திய ஒரு யந்திர மனிதனைக் காட்டினார்கள். இதனால் தொழிலாளிக்கு அபாயம் குறையும். வேலையும் குறையுமா என்பது ரப்பரைக் கேட்கவேண்டிய கேள்வியல்ல, முதலாளியையும் சர்க்காரையும் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

ஏமாறாமலிருக்க வேண்டியது

இவ்வளவும் சொன்னதால், மனிதத் தோலை யந்திரம் வென்றுவிட்டது என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள். புராணத்தை ஆராய்வது போலவே விஞ்ஞானத்தின் பேரால் வரும் விளம்பரத்தையும் ஆராயவேண்டும். சோதனைச் சாலையில் ஈயின் பாரத்தை அறிவது வேறு, வேர்வையிலும் சேற்றிலும் தினம் எட்டு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது வேறு. ரப்பர் நாளடைவில் தளர்கின்றது, நேற்றைய அழுத்தத்திற்கு இன்று வேறு கணக்குக் காட்டுகின்றது. ஆயிரம் உணர்கருவிக்கு ஆயிரம் கம்பியை எப்படி இழுப்பது என்பதே பெரிய தொல்லை. நம் தோல் கீறினால் சில நாளில் தானே ஆறுகின்றது. அப்படித் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பரைச் சோதனைச் சாலையில் செய்திருக்கின்றார்களேயொழிய, அது நம் தோலுக்குச் சமானமாகாது.

இவைகளைவிடப் பெரிய விஷயம், கார்வில்லில் கண்ட அந்த நிறுத்தும் விசை. செயற்கைக் கை தானே விட்டுவிடும்படி செய்யலாம், அது யந்திரத்தின் கை. ஆனால் மரத்துப்போன மனிதக் கை அவனுடைய சொந்தக் கை. உணர்கருவி அவனுக்குச் சேதி சொல்லலாம், கையை நிறுத்த முடியாது. வலி என்பது சேதி மாத்திரமல்ல, மீற முடியாத கட்டளையுமாகும் என்பதுதான் பிராண்டு கற்ற பாடம்.

ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த நோயாளி ஏன் விசையை நிறுத்தினார்? முட்டாள்தனத்தினாலா? இல்லை, ஆணியைத் திருகியே ஆகவேண்டியிருந்தது. வேலை முடிந்தாகவேண்டும் என்பதால் நிறுத்தினார். வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டுக் களையெடுக்கப் போகின்ற நம் தாய்மார்கள் செய்வதும் அதே காரியந்தானே? அவர்களும் வலியின் விசையை நிறுத்திவிட்டுத்தான் கூலிக்குப் போகின்றார்கள். ஆகவே கைக்குக் கருவி கொடுத்தால் மாத்திரம் போதாது. அவன் பிடிக்கின்ற மண்வெட்டியின் பிடியையும் மாற்றவேண்டும், ஒரு நாள் ஓய்ந்திருந்தால் சோறில்லை என்ற நிலைமையையும் மாற்றவேண்டும். கருவி செய்கின்றவர்கள் அதை மாட்டிக்கொள்ளப் போகின்றவனைக் கேட்டுச் செய்யவேண்டும்.

முடிவுரை

காரணத்தைத் தப்பாகச் சொன்னதால் வந்த கேடு எவ்வளவு என்று பாருங்கள். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைப்பதற்கு வெள்ளைக்காரன் 1898-ல் செய்த சட்டம் 2016-ல்தான் இந்தியாவில் ரத்தாயிற்று. இந்த வியாதியைச் சொல்லி விவாகரத்துச் செய்யலாம் என்ற விதி 2019-ல்தான் நீங்கிற்று. வியாதியைத் தீர்க்கும் கூட்டு மருந்தையோ 1981-லேயே உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்துவிட்டது. மருந்து வந்து முப்பத்தைந்து வருஷத்திற்கு மேல் அவமானம் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இன்றும் இந்தியாவில் வருஷத்திற்கு ஒரு இலட்சம் பேர் அளவில் புதிதாக இந்த வியாதி காணப்படுகின்றது.

ஆகையால் யந்திரத் தோல் வருகிறபோது வரட்டும். இன்றைக்கே செய்யவேண்டியது உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையென்றால், மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். மருந்து இலவசம். ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ வைத்தியம் முடிந்துவிடும். நரம்பு சாகுமுன் போனால் கை பிழைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். கால் மரத்துப்போனவர்கள் இரவில் படுக்குமுன் இரண்டு பாதங்களையும் விளக்கில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்யட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தோழர்களே! இன்று சொன்னவைகளை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கவராயத்தை எடுத்து விரலிலும் முதுகிலும் வைத்துப் பாருங்கள். அது சரியாயிருந்தால், மற்றதையும் அதேபோல் சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.